குடைவரைக்குள் எரிந்த திரி விளக்கு
எகிப்தியக் கல்லறைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு இருக்கிறது. இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்கும் அளவுதான். அதில் 40 ஆட்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் வேலைக்கு வராத தேதிகள் கறுப்பு மையில். தேதிக்கு மேலே, ஏன் வரவில்லை என்ற காரணம் சிவப்பு மையில். ஒருவரைத் தேள் கொட்டியிருக்கிறது. ஒருவருக்குக் கண் நோவு. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்ச நின்றுவிட்டார். இன்னொருவர் இறந்துபோன தாயின் உடலைத் துணியால் பொதிந்துகொண்டிருந்தார். 280 நாட்களுக்கான வருகைப் பதிவேடு அது. இரண்டாம் ராமேசஸ் மன்னரின் 40ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 3,260 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது.

இந்த 40 பேரும் பார்த்த வேலை, நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, மன்னர்களின் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து கல்லறை அமைப்பதும் அதன் சுவர்களில் சித்திரம் எழுதுவதும். எகிப்தியக் கல்லறைகளைப் பற்றி உலவும் கதைகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே குறைதான்: இந்த 40 பேருக்கு அவற்றில் இடமில்லை. அவர்கள் நின்ற இடத்தில் சங்கிலி பூட்டிய அடிமைகளோ, மறைந்துபோன மின்சாரமோ, ரகசியக் கலவையோ, சாபமோ வந்து நின்றுவிடுகிறது.

நம்பிக்கை: எகிப்திய மன்னர்கள் என்றால் பிரமிடு, ஓவியங்களும் அதற்குள்தான்

கீசாவின் பெரிய பிரமிடுக்குள் நுழைந்து ஓவியம் தேடுபவர்களுக்கு வெறும் கல்தான் கிடைக்கும். எகிப்தின் வண்ணச் சுவர்கள் என்று நாம் பார்க்கும் பெரும்பாலான படங்கள் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, இன்றைய லக்சரான தீப்ஸ் நகருக்கு எதிரே இருந்த மலைகளில் குடையப்பட்ட கல்லறைகளிலிருந்து வருபவை. மன்னர்களின் பள்ளத்தாக்கில் மட்டும் 60க்கும் மேற்பட்ட குடைவரைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலே நிற்கும் சிகரமே பிரமிடு வடிவில் இருப்பது, நேரில் போனவர்கள் யாரும் மறக்காத காட்சி.

நம்பிக்கை: குடைந்தவர்கள் அடிமைகள்

வெயில், சாட்டை, சங்கிலி என்று சினிமா நம் கண்ணில் பதித்துவிட்ட காட்சி இது. ஆனால் பள்ளத்தாக்கில் வேலை பார்த்தவர்களுக்கு வீடு இருந்தது, தெரு இருந்தது, கூலிக் கணக்கு இருந்தது. மலையின் மறுபுறம், இன்று தேர் எல்-மதீனா எனப்படும் இடத்தில், மதில் சூழ்ந்த சுமார் 70 வீடுகள் கொண்ட ஊர் அவர்களுடையது. பெர்னார் ப்ருயேர் என்ற பிரெஞ்சு அகழாய்வாளர் 1922 முதல் 1951 வரை அங்கே தோண்டினார். ஊருக்கு வெளியே இருந்த பெரும் பள்ளமொன்றில் எழுத்துச் சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பப்பைரஸ் தாளுக்குக் காசு வேண்டும். உடைந்த பானை ஓடும், மலையைச் செதுக்கும்போது தெறித்து விழும் கல்லும் காலடியில் கிடந்தன. கடன், வாய்த்தகராறு, கழுதை வாடகை, சலவைக்குப் போட்ட துணிக் கணக்கு எல்லாவற்றையும் அதில்தான் எழுதினார்கள்.

வலப்பக்கக் குழு, இடப்பக்கக் குழு என ஆட்கள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். குழுவுக்கு ஒரு மேஸ்திரி. கணக்கு வைக்க எழுத்தர். வாரத்துக்குப் பத்து நாள்: எட்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும் கூலி. மூட்டை ஒன்று ஏறத்தாழ 77 லிட்டர் கொள்ளும். மீன், காய்கறி, விறகு, தண்ணீர் எல்லாம் அரசுச் செலவில் ஊருக்கு வந்தன. உளிகளை எடை போட்டுக் கொடுத்தார்கள். தேய்ந்துபோனதும் எடை போட்டே திரும்ப வாங்கினார்கள். உலோகம் அவ்வளவு அருமை.

கூலி தவறியபோது என்ன நடந்தது என்பதற்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. மூன்றாம் ராமேசஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில், வரவேண்டிய தானியம் வராமல் நாட்கள் கடந்தன. ஆட்கள் உளியைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி இறங்கினார்கள். மன்னர்களின் நினைவுக் கோயில்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பசிதான் தங்களை இங்கே கொண்டுவந்தது என்றும், உடுத்தத் துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை என்றும், இதை மன்னருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதிகாரிகளிடம் சொன்னார்கள். நிலுவைத் தானியத்தை வாங்கினார்கள். மறுபடி தவறியபோது மறுபடி உட்கார்ந்தார்கள். அமென்னக்த் என்ற எழுத்தர் நாள்வாரியாக எழுதிவைத்த அந்தப் பப்பைரஸ் இத்தாலியின் டூரின் எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தில் பதிவான உலகின் முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

எகிப்தில் அடிமைகளே கிடையாது என்று இதற்குப் பொருளில்லை. இதே ஊரின் வீடுகளுக்கு முறைவைத்து மாவரைக்க அடிமைப் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். மலைக்குள் உளி பிடித்தவர்கள் தின்ற ரொட்டி அந்தப் பெண்களின் கையால் அரைத்த மாவு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

நம்பிக்கை: கூரையில் புகைக்கரி இல்லை, ஆகவே மின்விளக்கு இருந்தது

கேள்வி நியாயமானது. பெல்சோனி என்ற இத்தாலியர் 1817 அக்டோபரில் கண்டுபிடித்த முதலாம் சேத்தி மன்னரின் கல்லறை மலைக்குள் 137 மீட்டர் இறங்குகிறது. படிகள், சரிவுகள், கிணறு போன்ற ஆழ்குழி, தூண் மண்டபங்கள். சுவரெங்கும் புடைப்புச் சிற்பமும் வண்ணமும். அந்த இருட்டில் தலைமுடியளவு கோட்டை எப்படி இழுத்தார்கள்?

இதற்குப் பதிலாகத் தெண்டெரா கோயிலின் நிலவறைச் சிற்பம் ஒன்றைக் காட்டி, அது மின்குமிழ் என்று சொல்பவர்கள் உண்டு. நீள்வட்டக் கூடு ஒன்றுக்குள் பாம்பு நெளிவது, மேலோட்டமாகப் பார்த்தால் குமிழுக்குள் இழை போலத் தோன்றும். அது தாமரை மலரிலிருந்து கடவுள் பாம்பு வடிவில் வெளிப்படும் படைப்புக் காட்சி. பக்கத்தில் செதுக்கியிருக்கும் எழுத்துகளே அதைச் சொல்கின்றன. தெண்டெராவில் இன்று நாம் பார்க்கும் கோயில் தாலமி வம்சத்தின் கடைசிக் காலத்தில் எழுந்தது. சேத்தி இறந்து 1,200 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு செதுக்கிய சிற்பத்தைக் கொண்டு சேத்தியின் கல்லறைக்கு விளக்கேற்ற முடியாது. கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே திருப்பினார்கள் என்ற கதையும் இப்படித்தான். மெருகேற்றிய செம்புத் தகட்டில் ஒவ்வொரு முறை பட்டுத் திரும்பும்போதும் ஒளி குறையும். கல்தூசி பறக்கும் சுரங்கத்தில் இன்னும் குறையும்.

விடை தேர் எல்-மதீனாவின் எழுத்துச் சில்லுகளிலேயே கிடக்கிறது. பழந்துணியைக் கிழித்து முறுக்கி, கொழுப்பிலோ எண்ணெயிலோ தோய்த்த திரிகள், காலை வேலைக்கு இத்தனை, பிற்பகலுக்கு இத்தனை என்று எண்ணி வழங்கப்பட்டன. பொருளறைக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், சாயிஸ் நகரத் திருவிழாவில் எண்ணெயோடு உப்பும் இட்ட அகல் விளக்குகள் எரிந்ததைக் குறிப்பிடுகிறார். உப்பு புகையைத் தணிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்னொன்று: கரியே இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. பிற்காலத்தில் மக்கள் குடியேறி அடுப்பு மூட்டிய தீப்ஸ் கல்லறைகளில் சுவரும் கூரையும் கருத்துக் கிடந்திருக்கின்றன.

நம்பிக்கை: மூலிகைச் சாற்றில் தீட்டிய ஃப்ரெஸ்கோ, அதனால்தான் நிறம் மங்கவில்லை

பழைய ஓவியம் எதைப் பார்த்தாலும் மூலிகை வண்ணம் என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. எகிப்தியர் கையாண்டவை பெரும்பாலும் மண்ணும் கல்லும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிக்கல். வெள்ளைக்கு ஜிப்சமும் சுண்ணாம்புக்கல் தூளும். கறுப்புக்கு அடுப்புக்கரி. தாவரச் சாயம் காலப்போக்கில் வெளுத்துவிடும், காவிக்கல் வெளுக்காது. வெயிலும் மழையும் எட்டாத வறண்ட மலைக்குள் அது இருந்ததும் சேர்ந்துதான் நிறத்தைக் காத்தது.

நீலம்தான் அவர்களுடைய தனிச் சாதனை. மணல், சுண்ணாம்பு, செம்பு, உவர்க்காரம் ஆகியவற்றைக் கலந்து 850 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் சுட்டால் நீலக் கட்டி கிடைக்கும். அதை அரைத்தால் நிறமி. மனிதர் சூளையில் செய்த மிகப் பழைய செயற்கை நிறமி இது. இதற்கொரு வியப்பான குணம் உண்டு. சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அகச்சிவப்புப் படமெடுத்தால், கண்ணுக்கே தெரியாத அளவு எஞ்சியிருக்கும் நீலத் துகளும் வெள்ளையாக ஒளிரும். நிறம் உதிர்ந்துபோன சுவரிலும் எங்கே நீலம் பூசியிருந்தார்கள் என்று இன்றைய ஆய்வாளர்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஃப்ரெஸ்கோ என்பது சாந்து ஈரமாக இருக்கும்போதே தீட்டுவது. நிறம் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். எகிப்தியர் உலர்ந்த பூச்சின்மேல், பசை கலந்த நிறமியைத் தடவினார்கள். அரசி நெஃபர்தாரியின் கல்லறை ஓவியங்களை ஆராய்ந்தபோது அந்தப் பசை வேலமரப் பிசின் என்று தெரிந்தது. நம்மூர்க் கருவேலமரத்துக்குத் தாவரவியலாளர் இட்ட பெயரில் நைல் நதியின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயலன்று. நைல் கரையிலும் வளரும் மரம் அது. ஆக, தாவரம் அந்தச் சுவரில் இருக்கத்தான் செய்கிறது. நிறமாக இல்லை, நிறத்தைப் பிடித்து நிறுத்தும் பிசினாக.

அவர்கள் வேலை செய்த முறையை அருகில் நின்று பார்க்க வேண்டுமென்றால், முடிக்கப்பட்ட கல்லறையைவிடப் பாதியில் நின்றதே நல்ல ஆசிரியர். 1908இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹோரெம்ஹெப் மன்னரின் கல்லறை அப்படிப்பட்டது. வேலை முடியும் முன்னே மன்னர் இறந்தார். உளிகள் அப்படியே நின்றன. ஒரு பகுதியில் செங்காவியில் இழுத்த கட்டங்களும் உருவக் கோடுகளும் மட்டும். சாயம் தோய்த்த கயிற்றை இருபுறமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அப்படி அடித்த கட்டங்கள். நிற்கும் மனித உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். சிவப்புக் கோட்டின்மேல் கறுப்புக் கோடு. ஒரு தோள் சற்று இறக்கப்பட்டிருக்கும், ஒரு கை நகர்த்தப்பட்டிருக்கும். இளையவர் வரைந்ததை மூத்தவர் திருத்திய தடம் அது. அடுத்த பகுதியில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து உளி இறங்கியிருக்கிறது. அதற்கடுத்த பகுதியில் வண்ணம். ஒரே சுவரில் வேலையின் எல்லாப் படிகளும்.

இந்தக் கோட்டோவியர்களை எகிப்திய மொழி கோடுகளின் எழுத்தர் என்றுதான் அழைத்தது. எழுதுவதற்கும் வரைவதற்கும் அங்கே ஒரே சொல். சித்திரம் எழுதுதல் என்று சொல்லும் தமிழுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

நம்பிக்கை: அவர்களுக்கு முகத்தை நேராக வரையத் தெரியாது

பக்கவாட்டில் முகம், அதில் நேர்ப்பார்வையில் கண், விரிந்த தோள்கள், மறுபடி பக்கவாட்டில் கால்கள். திறமைக் குறைவென்று இதை எழுதிய காலம் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நெபாமுன் என்ற தானியக் கணக்கரின் கல்லறையிலிருந்து 1820ஆம் ஆண்டு வாக்கில் பெயர்த்து எடுத்து வந்த 11 சுவர்த் துண்டுகள் இருக்கின்றன. சுமார் கி.மு. 1350ஐச் சேர்ந்தவை. விருந்துக் காட்சியில் தரையில் அமர்ந்திருக்கும் நான்கு இசைப்பெண்களில் இருவர் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். மடித்த காலின் உள்ளங்கால்கூட நம் பக்கம் திரும்பியிருக்கிறது. தெரிந்துதான் வைத்திருந்தார்கள். கல்லறைக்குரிய நெபாமுனையும் அவர் மனைவியையும் மட்டும் அப்படி வரையவில்லை. கல்லறையில் உள்ள உருவம் இறந்தவர் மறுபடி வாழ்வதற்கான உடல். ஒவ்வோர் உறுப்பும் எந்தக் கோணத்தில் முழுமையாகத் தெரியுமோ அந்தக் கோணத்தில் இருந்தாக வேண்டும். மெனா என்ற அதிகாரியின் கல்லறையில் யாரோ அவருடைய ஓவியக் கண்களைத் தேடித் தேடிச் சுரண்டியிருக்கிறார்கள். படத்தின் கண்ணைக் கெடுத்தால் இறந்தவருக்குப் பார்வை போய்விடும் என்று நம்பாதவர் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்.

அதே காரணத்தால், இந்த ஓவியங்களை அன்றாட வாழ்க்கையின் புகைப்படமாக எடுத்துக்கொள்வதிலும் கவனம் வேண்டும். தலைமை அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறையில் செங்கல் அறுப்பவர்களும் தச்சர்களும் உலோகம் உருக்குபவர்களும் தொழில் நுணுக்கம் குறையாமல் இருக்கிறார்கள். தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்களுக்கு அது புதையல். ஆனால் நெபாமுன் சதுப்பில் பறவை வேட்டையாடும் காட்சியில், ஒருவர் நிற்கவே இடம் போதாத நாணல் படகில், பின்னால் மனைவி விழாவுக்குப் போவதுபோல் முழு அலங்காரத்தில் நிற்கிறார். அது மறுபிறப்பின் காட்சி. அந்தப் படத்தில் நாணலுக்கிடையே பாய்ந்து பறவைகளைக் கவ்வும் ஒரு பூனை இருக்கிறது. உரோமத்தின் ஒவ்வொரு கற்றையும் தனித்தனித் தூரிகைக் கீற்று. அதன் கண்ணில் மட்டும் தங்கத் தகடு ஒட்டியிருக்கிறார் ஓவியர். திரி வெளிச்சத்தில் அது எப்படி மின்னியிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் அந்தச் சுவரைக் கடந்துபோக முடிவதில்லை.

நம்பிக்கை: திறந்தவர்களைச் சாபம் கொன்றது

அகழாய்வாளர் ஹவார்ட் கார்ட்டர் துட்டன்காமன் மன்னரின் கல்லறைப் படிகளைக் கண்டது 1922 நவம்பர் 4. பணம் கொடுத்து உதவிய கார்னார்வன் பிரபு இறந்தது 1923 ஏப்ரல் 5. கொசு கடித்த இடத்தைச் சவரக்கத்தி கீறி, அதில் நஞ்சேறி, நிமோனியாவில் முடிந்தது. கார் விபத்தொன்றால் உடல் நலிந்து, குளிர்காலத்தைக் கழிக்க எகிப்துக்கு வரத் தொடங்கியவர் அவர். பெனிசிலின் இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம். கல்லறைச் செய்திகளைத் தரும் தனியுரிமையை அவர் லண்டன் டைம்ஸுக்குக் கொடுத்திருந்தார். மற்றப் பத்திரிகைகளுக்கு எழுத வேறு கதை தேவைப்பட்டது.

கார்ட்டர் 1939 வரை இருந்தார். முதல் நாட்களிலேயே உள்ளே நுழைந்த கார்னார்வனின் மகள் ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். அப்போது எகிப்தில் இருந்த 44 மேற்கத்தியரின் ஆயுளை ஒப்பிட்டு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, கல்லறையில் இருந்த 25 பேருக்கும் சாபத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. எகிப்தியர் சாபமே எழுதியதில்லை என்பதும் தவறு. கீசாவில் பிரமிடுத் தொழிலாளர் இடுகாட்டில் பெதெதி என்பவரின் கல்லறை, தீங்கு செய்ய வருபவர்கள்மேல் முதலையையும் நீர்யானையையும் ஏவுகிறது. துட்டன்காமன் கல்லறையில் அப்படி ஒரு வரி கிடையாது. சாபமோ, படங்களில் உருண்டு வரும் பாறைப் பொறிகளோ திருடர்களைத் தடுத்ததும் இல்லை. ஒன்பதாம் ராமேசஸின் 16ஆம் ஆட்சியாண்டில் அமென்பனூஃபர் என்ற கல்தச்சர், தன் கூட்டாளிகளோடு செப்பு உளியால் ஓர் அரசரின் கல்லறையைத் துளைத்ததை விசாரணையில் ஒப்புக்கொண்டார். அந்த வாக்குமூலமும் பப்பைரஸில் இருக்கிறது.

துட்டன்காமன் கல்லறையைச் சுற்றிய கதை சாபத்தோடு நிற்கவில்லை. அதன் சுவருக்குப் பின்னால் அரசி நெஃபர்த்தித்தியின் ரகசிய அறை இருப்பதாக 2015இல் எழுந்த பரபரப்பும், டூரின் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ராடார் கொண்டு துழாவி அங்கே அறை எதுவும் இல்லை என்று 2018இல் சொன்னதோடு அடங்கியது.

நம்பிக்கை: 3,000 ஆண்டு நின்றது, இனியும் அப்படியே நிற்கும்

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். சேத்தியின் கல்லறையைக் கண்ட பெல்சோனி, ஈரக் காகிதத்தைச் சுவரில் அழுத்திப் படியெடுத்தார். காகிதத்தோடு வண்ணமும் வந்தது. எகிப்திய எழுத்தைப் படித்துக்காட்டிய ஷாம்போலியோனே 1829இல் அதே கல்லறையின் சுவர்ப்பகுதியை அறுத்து எடுத்தார். அது இன்று பாரிஸின் லூவ்ரில் இருக்கிறது.

1904இல் கண்டுபிடிக்கப்பட்ட நெஃபர்தாரி கல்லறையில் பகைவன் உப்பு. மலைப் பாறைக்குள் இருக்கும் உப்பு ஈரத்தில் கரைந்து, பூச்சுக்கு அடியில் மறுபடி படிகமாகி, ஓவியத்தைச் சுவரிலிருந்து தள்ளியது. கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் எகிப்திய வல்லுநர்களும் 1986 முதல் 1992 வரை அங்கே உழைத்தார்கள். உதிர்ந்த இடத்தில் புது ஓவியம் எதுவும் தீட்டவில்லை, இருப்பதை ஒட்டவைத்தார்கள். உள்ளே வருபவர் ஒவ்வொருவரின் மூச்சும் வியர்வையும் அந்த ஈரத்தைக் கூட்டுகின்றன. அதனால்தான் துட்டன்காமன் கல்லறைக்கு அச்சு அசலான நகல் ஒன்று 2014இல், கார்ட்டர் தங்கியிருந்த வீட்டருகே திறக்கப்பட்டது. நகலுக்குப் போவதை ஏமாற்றமாக நினைக்கும் பயணிகள் உண்டு. அசலை நேசிப்பவர்கள் தயங்காமல் நகலைப் பார்த்துவிட்டு வரலாம்.

லக்சருக்குப் போகிறவர்கள் மன்னர்களோடு திரும்பிவிடாமல், தேர் எல்-மதீனாவில் இன்னொரு சிறிய கல்லறைக்குள்ளும் குனிந்து நுழைய வேண்டும். மன்னர்களின் கல்லறை குடைந்த சென்னெஜெம் என்ற தொழிலாளி, தன் ஊரின் சரிவிலேயே அமைத்துக்கொண்டது அது. 1886இல் திறந்தபோது குடும்பத்தோடு அப்படியே இருந்தது. மஞ்சள் பின்னணியில், மறுமையின் வயலில், வெள்ளைத் துணி உடுத்திய சென்னெஜெம் கதிர் அறுக்கிறார். மனைவி ஈநெஃபெர்த்தி பின்னால் வருகிறார். கீழ்வரிசையில் அவர் ஏர் பிடிக்க, அவள் விதைக்கிறாள். அவருடன் புதைத்திருந்த பொருட்களில் மரத்தாலான மூலைமட்டமும் தூக்குக்குண்டு தொங்கும் மட்டப்பலகையும் இருந்தன. இன்று எந்தக் கொத்தனார் கையில் கொடுத்தாலும் எதற்கென்று கேட்காமல் சுவரில் வைத்துப் பார்ப்பார்.